அவரவர் இஷ்டமா, எல்லோருக்கும் ஒரே சட்டமா?

தையற்காரரிடம் துணியும் அளவும் கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்பவர்கள் ஒரு ரகம். கடையில் ஆயத்தமாகத் தொங்கும் சட்டைகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாருக்குக் காலர் எப்படி இருக்க வேண்டும், பை எத்தனை, பொத்தான் என்ன நிறம் என்பதெல்லாம் மிக முக்கியம். இரண்டாவது ரகத்தாருக்கு உடனே உடுத்திக்கொள்ளக் கிடைத்தால் போதும். இந்த இரண்டு ரகத்தாரும் ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூடச் சமாதானமாகவே வாழ்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் உலகத்தின் ஒரு மூலையில் மட்டும் இவர்களுக்குள் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஓயாத வழக்கு ஒன்று நடந்து வருகிறது.

அந்த மூலைக்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். ஒரு மென்பொருளை ஆக்கிய மூல எழுத்தை எல்லோர் கையிலும் கொடுத்து, 'படியுங்கள், மாற்றுங்கள், பிறருக்கும் கொடுங்கள்' என்று சொல்லிவிடுவதுதான் அதன் தத்துவம். 1983 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் இந்தத் தத்துவத்தை வைத்துக் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 'லினக்ஸ்' என்ற அடிப்படைப் பொறியை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததும் யாருக்கும் சொந்தமில்லாத, ஆகவே எல்லோருக்கும் சொந்தமான ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு உருவாகிவிட்டது.

விண்டோஸ் என்றால் அதற்கு முதலாளி மைக்ரோசாப்ட். மேக் என்றால் ஆப்பிள். பொத்தான் வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதை அந்த முதலாளிகள் தீர்மானித்துவிடுகிறார்கள். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் முணுமுணுக்கலாம். முதலாளியே இல்லாத இடத்தில் அந்தப் பொத்தானின் இடத்தை யார் தீர்மானிப்பது? வழக்கின் மூலக் கேள்வி இதுதான்.

மாணவர் செய்த புகார்

1996 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் தேதி. ஜெர்மனியில் டூபிங்கன் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிஷ் என்ற மாணவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். லினக்ஸில் ஓடும் மென்பொருள்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை என்பது அவருடைய புகார். ஒன்றில் மெனு மேலே இருக்கும், மற்றொன்றில் சுட்டியை அழுத்தினால்தான் தோன்றும். ஒன்றில் நகல் எடுக்கும் முறை ஒரு விதம், மற்றொன்றில் வேறு விதம். நிபுணர்களுக்கு இது பழகிவிட்டது. சாதாரண மனிதர் என்ன செய்வார்? எல்லா மென்பொருள்களும் ஒரே முகத்தோடு, ஒரே பழக்கத்தோடு இயங்கும்படி ஒரு முழு டெஸ்க்டாப்பை உண்டாக்குவோம், கைகொடுக்க வாருங்கள் என்று அழைத்தார் எட்ரிஷ். கே.டி.ஈ. என்ற அந்தத் திட்டத்தின் முதல் பதிப்பு 1998 ஜூலை மாதம் வெளிவந்தது.

ஆக, கதையின் ஆரம்பத்திலேயே ஒழுங்குமுறை வேண்டும் என்ற குரல்தான் எழுந்தது. ஆனால் அந்தக் கட்டிடத்தின் அஸ்திவாரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கே.டி.ஈ. காரர்கள் எடுத்துக்கொண்ட 'க்யூட்டி' என்ற கருவித் தொகுப்பு நார்வே நாட்டின் ட்ரோல்டெக் கம்பெனிக்குச் சொந்தமானது. அன்றைக்கு அதன் உரிமச் சட்டம் கட்டற்ற மென்பொருள் அன்பர்களுக்குத் திருப்தியாக இல்லை. சொந்த நிலம் என்று நம்பி வீடு கட்டிவிட்டு, பின்னால் நிலத்துக்காரன் வந்து நின்றால் என்ன செய்வது என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தில் பிறந்ததுதான் 'குனோம்'. 1997 ஆகஸ்டில் மெக்சிகோ நாட்டு இளைஞர்களான மிகேல் தெ இகாஸாவும் பெதெரிக்கோ மேனாவும் அதைத் தொடங்கினார்கள். அஸ்திவாரத்துக்கு, படம் திருத்தும் 'கிம்ப்' என்ற மென்பொருளுக்காகச் செய்யப்பட்டிருந்த கட்டற்ற கருவித் தொகுப்பை எடுத்துக்கொண்டார்கள். 1999 மார்ச்சில் குனோம் முதல் பதிப்பு வந்தது. 2000 செப்டம்பரில் ட்ரோல்டெக் கம்பெனி தன் க்யூட்டியையும் பூரணமான கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. சண்டைக்குக் காரணம் போய்விட்டது. ஆனால் அதற்குள் இரண்டு வீடுகளிலும் குடித்தனம் ஏறிவிட்டதே! இனி யார் வீட்டைக் காலி செய்வார்கள்?

எத்தனை கடிகாரம் வேண்டும்?

ஆரம்பகால குனோம் ஒரு திருவிழாக் கடை மாதிரி. எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஜன்னல்களின் ஓரச் சித்திரத்தை மாற்றலாம், ஜன்னல்களை நிர்வகிக்கும் மென்பொருளையே கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். நேரம் பார்ப்பதற்கு மட்டும் பலவிதக் கடிகாரங்கள்! தொண்டர்கள் ஆளுக்கு ஒன்றாக எழுதிக் கொடுத்தவற்றை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களுக்குக் குனோமை ஏற்க முடிவு செய்திருந்தது. கம்பெனிக்காரர்கள் சும்மா ஏற்பார்களா? சாதாரண உபயோகிப்போரை உட்காரவைத்து, சில வேலைகளைச் செய்யச் சொல்லி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். 2001 இல் வெளியான அந்தச் சோதனை அறிக்கை குனோம் தொண்டர்களின் கண்ணைத் திறந்தது. தாங்கள் தாராளம் என்று நினைத்தது புதிதாக வருபவருக்குக் குழப்பமாக இருந்தது என்பதை முதல் தடவையாக எழுத்தில் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டே, ரெட் ஹாட் கம்பெனியில் பணியாற்றிய ஹேவக் பென்னிங்டன் என்ற குனோம் நிபுணர் ஒரு கட்டுரையில் தம் கட்சியை எடுத்து வைத்தார். ஒவ்வொரு விருப்ப அமைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பது அவருடைய வாதம். இரண்டு தரப்பார் சண்டையிட்டால், 'சரி, இருவருக்கும் ஆளுக்கொரு விசை வைத்துவிடுவோம்' என்று சமாதானம் செய்வது சுலபம். ஆனால் அந்தச் சமாதானத்துக்கு வரி கட்டுகிறவர் மூன்றாவது மனிதர் அல்லவா?

இது வெறும் பேச்சல்ல, கணக்கு. 'ஆம், இல்லை' என்ற இரண்டே நிலைகள் உள்ள விசை ஒன்று இருந்தால் மென்பொருளைச் சோதிக்க வேண்டிய விதங்கள் 2. இரண்டு விசைகள் என்றால் 4. பத்து விசைகள் என்றால் 1,024. இருபது விசைகள் என்றால் 10,48,576! நாளொன்றுக்கு நூறு விதமாகச் சோதித்தாலும் முடிப்பதற்கு 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எந்தத் தொண்டராலும் அது ஆகாது. ஆகவே பெரும்பாலான சேர்க்கைகளை ஒருவருமே சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவற்றில் எது எப்போது கவிழும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இன்னொரு செலவும் உண்டு. ஒவ்வொரு புது விசைக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உதவிக் குறிப்பில் ஒரு பத்தி எழுதியாக வேண்டும். அவை உலகத்துப் பாஷைகளிலெல்லாம் பெயர்க்கப்பட வேண்டும். தமிழில் இவற்றைப் பெயர்ப்பவர்கள் பெரும்பாலும் இரவில் கண் விழித்து உழைக்கும் ஒரு சில தொண்டர்கள். ஜெர்மனிக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வைத்த விசையின் பாரம், மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தலையில் வந்து இறங்குகிறது.

2002 ஜூனில் வந்த குனோம் இரண்டாம் பதிப்பு இந்த யோசனைகளின் விளைவு. விசைகள் குறைந்தன, முகம் தெளிந்தது. மென்பொருள் எழுதுவோர் மெனுவை எப்படி வரிசைப்படுத்த வேண்டும், பொத்தானை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதிநூலும் வந்தது. விசித்திரம் என்னவென்றால், ஒழுங்கு வேண்டும் என்று பிறந்த கே.டி.ஈ. நாளடைவில் 'எதையும் மாற்றலாம்' என்பவர்களின் கோட்டையாயிற்று. சுதந்திரத்தின் பேரில் பிறந்த குனோமோ ஒழுங்குக் கட்சியின் தலைமைச் செயலகமாயிற்று. 2005 டிசம்பரில் லினக்ஸின் தந்தையான டோர்வால்ட்ஸே, உபயோகிப்போரை முட்டாள்களாக நினைத்து நடத்துவதாகக் குனோமைக் கடிந்துகொண்டு, கே.டி.ஈ.யை உபயோகியுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார்.

2011 இல் வெடித்த கலகம்

உண்மையான புயல் அதற்குப் பின்னால்தான் வந்தது. 2011 ஏப்ரல் 6 ஆம் தேதி குனோம் மூன்றாம் பதிப்பு வெளியாயிற்று. திறந்திருக்கும் ஜன்னல்களைக் கீழே வரிசையாகக் காட்டும் பட்டையைக் காணவில்லை. ஜன்னலைச் சுருக்கும் பொத்தானையும் பெரிதாக்கும் பொத்தானையும் காணவில்லை. கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்று மெனுவைத் திறந்தால் அங்கே 'உறங்க வை' என்பதுதான் கண்ணில் பட்டது. 'அணைத்துவிடு' என்ற வரியைக் காண வேண்டுமானால் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்! அறையைப் பூட்டிக்கொண்டு போகிறவனிடம் சாவியை ஒளித்து வைத்தால் கோபம் வருமா, வராதா?

செய்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மனிதன் ஒரு வேலையில் கவனமாக இருக்கும்போது கண்ணெதிரே பத்து ஜன்னல்களின் பெயர்ப் பட்டியல் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். மடிக்கணினியை மூடினால் அது தானே உறங்கிவிடுகிறது, தினமும் அணைப்பது எதற்கு என்றும் கேட்டார்கள். ஆனால் பத்தாண்டுப் பழக்கத்தை ஒரே இரவில் மாற்றிக்கொள்ளச் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். டோர்வால்ட்ஸ் இந்தத் தடவை குனோமை விட்டு எக்ஸ்.எப்.சி.ஈ. என்ற எளிய டெஸ்க்டாப்புக்குக் குடிபெயர்ந்தார்.

எரிச்சலைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அதில் இருந்தது. புது முகத்துக்கு முப்பரிமாணச் சித்திரங்களை வரையும் திறமையுள்ள கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அது இல்லாத பழைய கம்ப்யூட்டர்களுக்காகப் பழைய பாணியில் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருந்தார்கள். இரண்டு பாணிகளையும் காப்பாற்ற ஆள் இல்லை என்று 2013 இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் பழைய தோற்றத்தைத் தரும் ஒப்பனை ஒன்று வந்தது. ஆனால் உள்ளே இருந்த பொறி புதியதுதான். பழைய யந்திரத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் பள்ளிக்கூடத்துக்கும் சிறு அலுவலகத்துக்கும் எக்ஸ்.எப்.சி.ஈ., எல்.எக்ஸ்.டி.ஈ. போன்ற சிக்கனமான டெஸ்க்டாப்புகள்தான் புகலிடமாயின. 'எதற்கு இத்தனை டெஸ்க்டாப்?' என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வேறொன்று இருந்ததால்தான் அந்த யந்திரங்கள் குப்பைக்குப் போகாமல் தப்பின.

கலகக்காரர்கள் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. மூல எழுத்து எல்லோர் கையிலும் இருக்கிறதே! அர்ஜென்டினா நாட்டு அன்பர் ஒருவர், கைவிடப்பட்ட குனோம் இரண்டாம் பதிப்பின் மூல எழுத்தை 2011 இலேயே எடுத்து, தம் நாட்டார் விரும்பிக் குடிக்கும் பானத்தின் பெயரால் 'மாத்தே' என்று பெயரிட்டு வளர்க்கத் தொடங்கினார். கிளெமென்ட் லெபெவ்ர் தலைமையில் இயங்கும் லினக்ஸ் மின்ட் குழுவினர், புதிய குனோமின் உள்பாகங்களையே வைத்துக்கொண்டு பழைய பாணி முகத்தைப் பொருத்தி, 'சின்னமன்' என்ற டெஸ்க்டாப்பை உண்டாக்கினர். அது இலவங்கப்பட்டையின் பெயர்.

அதே 2011 ஏப்ரலில் உபுண்டு என்ற பிரபல லினக்ஸ் பதிப்பு, குனோமின் முகத்தை விட்டுவிட்டு 'யூனிட்டி' என்ற தன் சொந்த முகத்தைப் பிரதானமாக்கிக்கொண்டது. அதற்கு முந்தின ஆண்டில்தான் ஜன்னல் பொத்தான்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி அவர்கள் ஒரு சர்ச்சையைக் கிளப்பியிருந்தார்கள். எதிர்ப்பு மலைபோலக் குவிந்தபோது, உபுண்டுவின் ஸ்தாபகரான மார்க் ஷட்டில்வர்த், இதெல்லாம் வோட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் விஷயமல்ல என்று பதில் சொன்னார். யூனிட்டி என்றால் ஒற்றுமை. பெயரில் ஒற்றுமையோடு வந்தது மொத்தக் கணக்கில் இன்னொரு டெஸ்க்டாப்பைச் சேர்த்ததுதான் மிச்சம். 2017 ஏப்ரலில் ஷட்டில்வர்த் அதைக் கைவிடுவதாக அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் உபுண்டு மீண்டும் குனோமுக்கே திரும்பியது.

குனோம்காரர்களும் பிடிவாதமாகவே இருந்துவிடவில்லை. 2011 டிசம்பரிலேயே, வேண்டியவர்கள் வேண்டிய துணைக்கருவிகளைப் பொருத்திக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள். 2012 இல் 'அணைத்துவிடு' என்ற வரியும் மெனுவுக்குத் திரும்பி வந்தது. டோர்வால்ட்ஸும் 2013 வாக்கில் குனோமுக்கே திரும்பினார்!

நகரசபையின் கணக்கு வேறு

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவரின் நியாயம் ஒன்று. ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவரின் நியாயம் வேறு. இதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் நல்ல உதாரணம்.

2003 இல் மியூனிக் நகரசபை தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. விஷயம் எவ்வளவு பெரிது என்றால், அந்தத் தீர்மானத்துக்கு முன்பு மைக்ரோசாப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயர் கிறிஸ்டியன் ஊடேயைச் சந்தித்துப் பேசிப் பார்த்தார். மேயர் அசையவில்லை. 2006 இல் மாற்றம் ஆரம்பமாகி 2013 இல் முடிந்தபோது, சுமார் 15,000 கம்ப்யூட்டர்கள் 'லிமக்ஸ்' என்ற நகரத்தின் சொந்தப் பதிப்பில் ஓடின.

லினக்ஸ் உலகத்தில் டெஸ்க்டாப் ஒரு டஜன் இருந்தாலும், மியூனிக் குமாஸ்தாவின் மேசையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நகரசபை கே.டி.ஈ.யை எடுத்துக்கொண்டு, அதைத் தன் தேவைக்கு ஒரே மாதிரியாக அமைத்து, எல்லா மேசைகளுக்கும் கொடுத்தது. கடிதங்களுக்கும் படிவங்களுக்கும் பொது அச்சுவார்ப்பு ஏற்பாடு ஒன்றையும் தானே எழுதி வெளியிட்டது. பயிற்சி ஒன்று, கையேடு ஒன்று, பழுது பார்க்கும் முறையும் ஒன்று. அப்படி இல்லாவிட்டால், வரி வசூல் இலாகாவிலிருந்து பிறப்புப் பதிவு இலாகாவுக்கு மாற்றலாகும் குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து ராஜ்யமான கேரளத்திலும் இதே புத்திசாலித்தனத்தைக் காணலாம். அரசுப் பள்ளிகளுக்கென்று உபுண்டுவின் அடிப்படையில் ஒரே பதிப்பைத் தயாரித்து, அதிலேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். சென்னையிலுள்ள ஸீ-டாக் ஸ்தாபனத்தார் 2007 இல் வெளியிட்ட 'பாஸ் லினக்ஸ்' பதிப்பின் நோக்கமும் அரசாங்க அலுவலகங்களுக்கு உகந்த பொது ஏற்பாடு ஒன்றைத் தருவதே.

மியூனிக் கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. 2017 இல் புதிய தலைமையின் கீழ் நகரசபை மறுபடி விண்டோஸுக்கே போகத் தீர்மானித்தது. வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறப்பதில்லை என்ற புகார் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2020 இல் அமைந்த கூட்டணியோ, முடிந்த இடத்திலெல்லாம் கட்டற்ற மென்பொருளுக்கே முதலிடம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஒரு நகரம் தன் மேசைகளையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் மட்டும் போதாது. அடுத்த ஊரிலிருந்து வரும் கடிதத்தைப் படிக்கவும் முடிய வேண்டும். உள்ளூர் ஒழுங்கைவிட, ஊர்களுக்கிடையே உள்ள ஒழுங்குதான் பெரிய காரியம்.

தரைக்குக் கீழே நடந்த சமாதானம்

மேலே கோஷமும் எதிர்க்கோஷமும் கேட்டுக்கொண்டிருந்தபோதே, தரைக்குக் கீழே அமைதியாக ஒரு வேலை நடந்து வந்தது. விருப்ப அமைப்புக்கு விலை உண்டு என்று எழுதிய அதே பென்னிங்டன், 2000 இல் 'ப்ரீடெஸ்க்டாப்' என்ற பொது மேடையை நிறுவினார். குனோம்காரரும் கே.டி.ஈ.காரரும் அங்கே உட்கார்ந்து, யார் முகம் அழகு என்று வாதாடாமல், ஒருவர் மென்பொருள் மற்றவர் வீட்டில் ஓடுவதற்கு என்னென்ன விதிகள் வேண்டும் என்று பேசினார்கள். மெனுவில் ஒரு மென்பொருள் தன் பெயரை எப்படிப் பதிவு செய்துகொள்வது, ஜன்னல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுவது, ஒன்றில் நகலெடுத்ததை மற்றொன்றில் எப்படி ஒட்டுவது என்பவற்றுக்கெல்லாம் படிப்படியாகப் பொது விதிகள் வந்தன. மென்பொருள்கள் தங்களுக்குள் சேதி அனுப்பிக்கொள்ள 'டி-பஸ்' என்ற பொதுத் தபால் முறையும் ஏற்பட்டது. இன்று குனோமில் உட்கார்ந்துகொண்டு கே.டி.ஈ.யின் மென்பொருளை ஒருவர் யோசிக்காமல் உபயோகிக்கிறார் என்றால், அது அந்த மேடையின் கைங்கரியம்.

இதன் பலனைப் பார்வையற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 'ஓர்கா' என்ற மென்பொருள் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. சன் கம்பெனியின் ஆதரவில் வளர்ந்தது அது. திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதன் பெயர் இன்னது, அது அழுத்தப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் ஒரே பொது முறையில் அறிவித்தால்தான் ஓர்கா அதைப் படிக்க முடியும். ஆளுக்கொரு முறை என்றால் பார்வையற்றவருக்கு அந்த மென்பொருள் இருந்தும் இல்லாததுதான். கண் உள்ளவருக்கு ஒழுங்குமுறை என்பது அழகைப் பற்றிய சர்ச்சை. கண் இல்லாதவருக்கு அது உத்தியோகத்தையும் படிப்பையும் பற்றிய விஷயம். 2010 இல் ஆரக்கிள் கம்பெனி சன்னை வாங்கிய பின் இந்தப் பணியில் இருந்தவர்களைக் குறைத்தபோது, பார்வையற்ற அன்பர்கள் கவலைப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புதுப்புது முகங்களை எழுதப் பலர் உண்டு. எல்லா முகங்களுக்கும் பொதுவான இந்த வேலைக்கோ ஒரு கை விரலில் எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள்.

தமிழ் எழுத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 'கொ' என்ற எழுத்தைத் திரையில் காட்ட வேண்டுமானால் ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்தை இப்படிக் கோத்துக் கொடுக்கும் யந்திரம் முன்பு குனோமுக்குத் தனி, கே.டி.ஈ.யின் க்யூட்டிக்குத் தனி. ஒன்றில் பிழை திருத்தினால் மற்றொன்றில் பிழை அப்படியே இருக்கும். பிற்பாடு 'ஹார்ப்பஸ்' என்ற ஒரே யந்திரத்தை இரண்டு தரப்பாரும் ஏற்றார்கள். பயர்பாக்ஸும் குரோமும் லிப்ரே ஆபீஸும் அதையே ஏற்றுக்கொண்டன. இன்று அதில் ஒரு தமிழ் எழுத்தின் கோளாறு ஒரு தடவை தீர்க்கப்பட்டால் எல்லா இடத்திலும் தீர்ந்துவிடுகிறது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் இதேபோல ஒரு பொது அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறது. குனோம், கே.டி.ஈ., மாத்தே எல்லாமே அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. உலகத்தில் உபயோகிப்போர் குறைவாக உள்ள பாஷைக்குப் பொது விதிதான் பாதுகாப்பு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தனித்தனியே போய் நின்று மனுக் கொடுக்க ஆள் ஏது?

விலையைக் கொடுப்பவர் யார்?

இதனால் ஒழுங்குக் கட்சியே ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிடிக்காத மாற்றத்திலிருந்து விலகிப் போகும் உரிமை இல்லையென்றால் கட்டற்ற மென்பொருளுக்கு அந்தப் பெயரே பொருந்தாது. மாத்தேயும் சின்னமனும் தோன்றியிராவிட்டால் குனோம்காரர்கள் தங்கள் தவறுகளை அவ்வளவு சீக்கிரம் திருத்திக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகமே. எதிர்க்கட்சி இருக்கிற சட்டசபையில்தான் மந்திரிகள் ஜாக்கிரதையாகப் பேசுகிறார்கள்.

ஆனால் அந்த உரிமையும் இலவசமல்ல. பழைய குனோமின் அஸ்திவாரக் கருவிகள் காலாவதியாகிவிட்டதால், மாத்தே தொண்டர்கள் முழு வீட்டையும் புதிய கருவிகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் வந்த பதிப்பில்தான் அந்த வேலை பூர்த்தியாயிற்று. தோற்றம் மாறாமல் இருப்பதற்காக மட்டும் ஆறு ஆண்டு உழைப்பு! எதுவும் மாறவில்லை என்று உபயோகிப்போர் மகிழ்ந்தார்கள். மாறாமல் வைத்திருக்க ஒருவர் தூக்கம் கெட்டார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

வழக்கும் இன்னும் முடிந்தபாடில்லை. 2019 இல் குனோம் மென்பொருள் எழுதுவோர் சிலர் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். லினக்ஸ் பதிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி நிறங்களையும் சின்னங்களையும் மாற்றிவிடுகிறார்கள், அதனால் எழுத்துத் தெரியாமல் போகிறது, பொத்தான் உடைந்து தோன்றுகிறது, பழி மட்டும் எழுதியவர் மீது விழுகிறது என்பது அவர்களுடைய குறை. தங்கள் திரையைத் தங்கள் மனம்போல் அலங்கரிப்பவர்களோ, வீடு எங்களுடையது, சுண்ணாம்பின் நிறத்தைக் கொத்தனார் தீர்மானிப்பதா என்று கேட்டார்கள். இந்த ரகளைக்கு நடுவிலும் 2021 இல் ஒரு சின்ன உடன்பாடு ஏற்பட்டது. கண் கூசாமல் இருக்கக் கருமையான திரையை விரும்புகிறவர் ஓரிடத்தில் அதைச் சொல்லிவிட்டால், எந்த டெஸ்க்டாப்பின் மென்பொருளானாலும் அதை அறிந்து நடந்துகொள்ளப் பொது முறை ஒன்று வகுக்கப்பட்டது. விருப்பம் உபயோகிப்பவருடையது, அதைத் தெரிவிக்கும் முறை மட்டும் எல்லோருக்கும் பொது.

மேலே சொன்ன பழைய தகராறுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை புலப்படுகிறது. பலர் சந்திக்கும் இடங்களில், அதாவது கடிதம் போய்ச் சேரும் இடத்தில், தமிழ் எழுத்து திரையில் உருவாகும் இடத்தில், பார்வையற்றவரின் காதுக்குச் சேதி போகும் இடத்தில், அவரவர் இஷ்டம் என்பது பிறருக்குக் கஷ்டம். ஒருவரின் கையும் கண்ணும் மட்டும் சம்பந்தப்பட்ட இடத்தில், ஒரே சட்டம் என்பது வீண் அதிகாரம். பட்டை கீழே இருந்தால் என்ன, மேலே இருந்தால் என்ன? இடையில் உள்ள எல்லை ஒவ்வொரு தலைமுறைக் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் நகர்கிறது. அதை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் ஓயாமல் வாதாட வேண்டியிருக்கிறது.

இந்த வாதத்தில் கலந்துகொள்ள உபயோகிப்பவருக்கும் வழி உண்டு. விருப்பமான டெஸ்க்டாப்பைத் தேர்ந்துகொள்வது முதல் படி. கோளாறு கண்டால் எழுதி அனுப்பலாம், தமிழ்ப் பெயர்ப்பில் பத்து வரி செய்து கொடுக்கலாம், முடிந்தால் ஒரு சிறு தொகை அனுப்பலாம். பிடித்த பொத்தான் அடுத்த பதிப்பிலும் அதே இடத்தில் இருக்க வேண்டுமானால், அதை அங்கே வைத்திருக்க ஒருவர் உழைத்தாக வேண்டும்.